ஷெல் ஸ்கிரிப்டில் நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் விவரம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் சிஸ்டம் அட்மின், டெவ்ஆப்ஸ், சப்போர்ட் வேலைகளில் இருக்கும் தமிழ் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பேச்சு லினக்ஸைப் பற்றியது. மேக்புக் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் இரண்டு வரி உண்டு. கட்டளைகளையும் ஃபைல் பாதைகளையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

"இந்த மெஷினின் ஐபி என்ன" என்று ஸ்கிரிப்டில் எப்படிக் கேட்பது?

கேள்வி பாதியில் நிற்கிறது. எலக்ட்ரானிக் சிட்டி ஆபீஸில் மேசைமேல் இருக்கும் ஒரு டெவலப்பர் லேப்டாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மெஷின் தனக்குள்ளேயே பேசிக்கொள்ளும் லோ இன்டர்ஃபேஸில் 127.0.0.1, கேபிளில் ஒரு 192.168 முகவரி, வைஃபையில் இன்னொன்று, டாக்கர்0-இல் 172.17.0.1, விர்ச்சுவல் மெஷின்களுக்கான விர்பிஆர்0-இல் 192.168.122.1, விபிஎன் போட்டிருந்தால் டன்0-இல் ஒரு 10-இல் தொடங்கும் முகவரி. ஆறும் இந்த மெஷினின் ஐபிதான். உங்களுக்கு எது வேண்டும்?

பெரும்பாலும் தேவை மூன்றில் ஒன்றாக இருக்கும்: வெளியே போகும் பாக்கெட்டில் எந்த முகவரி எழுதப்படும், குறிப்பிட்ட ஓர் இன்டர்ஃபேஸில் என்ன முகவரி இருக்கிறது, வெளியுலகம் நம்மை எந்த முகவரியாகப் பார்க்கிறது. முதலாவதுதான் அதிகம் தேவைப்படுகிறது. அதற்கு:

ஐபி -4 ரூட் கெட் 1.1.1.1

இது எந்தப் பாக்கெட்டையும் அனுப்புவதில்லை. "அங்கே போவதாக இருந்தால் எந்த வழி?" என்று கெர்னலிடம் கேட்கிறது, அவ்வளவுதான். அந்த முகவரி உயிரோடு இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. பதில் இப்படி வரும்:

1.1.1.1 வியா 192.168.1.1 டெவ் ஈஎன்பி3எஸ்0 எஸ்ஆர்சி 192.168.1.34 யூஐடி 1000

இதில் ஏழாவது சொல்லை எடு என்று ஆக்கில் (வரியைச் சொல் சொல்லாகப் பிரிக்கும் கருவி) எழுதிவிடுவது பரவலான பழக்கம். போகவேண்டிய முகவரி அதே லேனில் இருந்தாலோ, வழி பிபிபி (இரு முனைகளை நேரடியாகச் சேர்க்கும்) இணைப்பாக இருந்தாலோ 'வியா' பகுதியே வராது. எல்லாம் இரண்டு சொல் முன்னே நகர்ந்துவிடும். ஆகவே எண்ணாதீர்கள். ஆக்கில் ஒரு லூப் போட்டு, 'எஸ்ஆர்சி' என்ற சொல் எங்கே இருக்கிறதோ அதற்கு அடுத்த சொல்லை அச்சிடுங்கள். இன்டர்ஃபேஸ் பெயர் வேண்டுமானால் 'டெவ்' என்பதற்கு அடுத்தது. போக வழியே இல்லையென்றால் கட்டளை எக்ஸிட் கோட் (முடியும்போது கட்டளை திருப்பித் தரும் எண்; 0 என்றால் வெற்றி) 2 உடன் தோற்கும். பைப்பில் ஆக்கைச் சேர்த்தால் அந்த எண் மறைந்துவிடும் என்பதால், முதலில் வெளியீட்டை ஒரு வேரியபிளில் வாங்கி, எக்ஸிட் கோடைப் பார்த்துவிட்டு, பிறகு பிரியுங்கள்.

ஹோஸ்ட்நேம் கட்டளையில் -ஐ கொடுத்தால் போதாதா?

பெரிய எழுத்து ஐ எல்லா முகவரிகளையும் ஒரே வரியில் கொட்டும். எந்த வரிசையில் வரும் என்று உத்தரவாதம் இல்லை; மேனுவல் பக்கமே அப்படித்தான் சொல்கிறது. முதல் சொல்லை எடுக்கும் ஸ்கிரிப்ட், டாக்கர் நிறுவிய மறுநாள் 172.17.0.1 என்று சொன்னால் வியக்க வேண்டாம். சிறிய எழுத்து ஐ இன்னும் மோசம். அது இன்டர்ஃபேஸைப் பார்ப்பதே இல்லை, மெஷினின் பெயரைத் தீர்த்துப் பார்க்கிறது. டெபியன், உபுண்டுவில் பெரும்பாலும் 127.0.1.1 வரும். ஆல்பைன் கன்டெய்னரில் இருக்கும் பிஸிபாக்ஸ் (கட்டளைகளின் சிறிய தொகுப்பு) பதிப்புக்குப் பெரிய ஐ தெரியவே தெரியாது.

ஐஎஃப்கான்ஃபிக்கை வைத்து ஏற்கெனவே எழுதிவிட்டோம். என்ன கெடும்?

அந்தக் கட்டளை 1983-இல் 4.2பிஎஸ்டியோடு வந்தது. லினக்ஸில் அது நெட்-டூல்ஸ் தொகுப்பில் இருக்கிறது. டெபியன் 9 (2017) முதல் அந்தத் தொகுப்பு இயல்பாக நிறுவப்படுவதில்லை. ரெட்ஹேட் 7-இன் மினிமல் நிறுவலிலும் கிடையாது. முதல் சிக்கல் இதுதான்: புது சர்வரில் கட்டளையே இருக்காது.

இரண்டாவது, வெளியீட்டு வடிவம் நடுவில் மாறியது. பழைய பதிப்பில் 'ஐநெட் ஆடர்' என்று எழுதி முக்காற்புள்ளியோடு ஒட்டி முகவரி வரும். புதியதில் 'ஐநெட்' என்ற சொல்லும் இடைவெளியும் மட்டும். முக்காற்புள்ளியில் வெட்டும் பழைய ஸ்கிரிப்ட்கள் புது மெஷினில் வெறுமையைத் திருப்பித் தருகின்றன, பிழைச்செய்தி கூட இல்லாமல். மூன்றாவதுதான் ஆபத்தானது. ஒரே இன்டர்ஃபேஸில் ஐபி கட்டளையால் இரண்டாவது ஐபிவி4 முகவரி சேர்த்து, அதற்கு லேபிள் கொடுக்காமல் விட்டால், ஐஎஃப்கான்ஃபிக் அதைக் காட்டாது. ஃபெயில்ஓவருக்காக (ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று பொறுப்பேற்க) மிதக்கும் முகவரி வைத்திருக்கும் சர்வரில் இதை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

குறிப்பிட்ட இன்டர்ஃபேஸின் முகவரியை மட்டும் எடுக்க?

ஐபி -4 -ஓ அட்ரஸ் ஷோ டெவ் ஈஎன்பி3எஸ்0 ஸ்கோப் குளோபல்

சிறிய எழுத்து -ஓ கொடுத்தால் ஒரு முகவரிக்கு ஒரே வரி. நான்காவது சொல் 192.168.1.34/24 என்ற வடிவில் இருக்கும்; சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ளதை வெட்டிவிடுங்கள். இங்கே சொல் எண்ணுவது பாதுகாப்பானது, ஏனென்றால் வரியின் தொடக்கப் பகுதி மாறுவதில்லை.

இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட வரி வரலாம். அதைவிட முக்கியம், இன்டர்ஃபேஸ் இருந்து முகவரி இல்லாவிட்டால் வெளியீடு காலி, ஆனால் எக்ஸிட் கோட் 0. இன்டர்ஃபேஸே இல்லாதபோதுதான் கோட் 1. டிஹெச்சிபி (தானாக முகவரி தரும் சேவை) இன்னும் பதில் சொல்லாத நிலையை 'வெற்றி' என்று எடுத்துக்கொண்டு, காலி முகவரியைக் கான்ஃபிக் ஃபைலில் எழுதிவிடும் ஸ்கிரிப்ட்கள் நிறைய உண்டு. வேரியபிள் காலியா என்று தனியே சோதியுங்கள்.

ஜேசான் வெளியீடு இருக்கிறதே, அது நல்லதா?

இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஐபி கட்டளைக்கு -ஜே கொடுத்து, ஜேக்யூவில் (ஜேசானைப் பிரிக்கும் கருவி) 'ஆடர்_இன்ஃபோ' பட்டியலுக்குள் 'லோக்கல்' என்ற புலத்தை எடுத்தால் போதும். உபுண்டு 18.04-இலேயே இது வேலை செய்கிறது. சென்ட்ஓஎஸ் 7-இன் பதிப்பில் -ஜே இல்லை. பிஸிபாக்ஸிலும் இல்லை.

ஒரு பொறி: சில பதிப்புகள், வடிகட்டலில் பொருந்தாத இன்டர்ஃபேஸ்களுக்குப் பதிலாகக் காலி அடைப்புகளைப் பட்டியலில் விட்டுவைக்கின்றன. அப்போது 'முதல் உறுப்பு' என்று எடுத்தால் ஒன்றும் கிடைக்காது. ஜேக்யூவில் எல்லா உறுப்புகளையும் சுற்றி, 'ஆடர்_இன்ஃபோ'வின் சதுர அடைப்புக்குப் பின் ஒரு கேள்விக்குறி போடுங்கள். இல்லாத புலத்தைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும்.

ஈத்0 என்று எழுதியது ஏன் புது மெஷினில் ஓடவில்லை?

2013 ஜனவரியில் வந்த சிஸ்டம்டி (மெஷின் எழும்போது சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் மென்பொருள்) 197-இலிருந்து பெயர்கள் வன்பொருளின் இடத்தை வைத்து அமைகின்றன. ஈஎன்ஓ1 என்றால் மதர்போர்டில் உள்ளது, ஈஎன்பி3எஸ்0 என்றால் பிசிஐ பஸ் 3, ஸ்லாட் 0. எஸ்.பி. ரோட்டில் வாங்கிய யூஎஸ்பி-ஈதர்நெட் அடாப்டரைச் செருகினால் 'ஈஎன்எக்ஸ்' என்று தொடங்கி, அதன் மேக் முகவரியின் (வன்பொருளின் தனி அடையாள எண்) 12 எழுத்துகளும் சேர்ந்த பெயர் வரும். மொத்தம் 15 எழுத்து. லினக்ஸ் அனுமதிக்கும் உச்ச நீளமும் சரியாக அதுவே. அந்த அடாப்டர் பழுதாகி அதே கடையில் அதே மாடல் வாங்கினாலும் மேக் முகவரி வேறு, ஆகவே பெயரும் வேறு. ஒரு கிராபிக்ஸ் கார்டு சேர்த்ததால் பஸ் எண் மாறி ஈஎன்பி3எஸ்0 ஈஎன்பி4எஸ்0 ஆவதும் நடக்கும்.

பெயரை ஸ்கிரிப்டில் பதிக்காதீர்கள். மேலே சொன்ன ரூட் கெட் தரும் 'டெவ்' பெயரை எடுங்கள், அல்லது ஸ்கிரிப்டுக்கு ஆர்க்யுமென்டாகக் கொடுங்கள். கன்டெய்னருக்குள்ளே ஐபி லிங்க் வெளியீட்டில் ஈத்0@ஐஎஃப்12 என்பது போல வரும்; '@' முதல் உள்ளது பெயரின் பகுதி அல்ல, வெட்டிவிட வேண்டும்.

எல்லா இன்டர்ஃபேஸ்களையும் பட்டியலிட எது சுலபம்?

/சிஸ்/கிளாஸ்/நெட் டைரக்டரி. எந்தக் கட்டளையும் நிறுவ வேண்டாம், ரூட் உரிமை வேண்டாம், மொழி அமைப்பு பாதிக்காது. நட்சத்திரக் குறியால் சுற்றி வாருங்கள். ஒவ்வொன்றும் டைரக்டரியா என்று மட்டும் சோதியுங்கள், ஏனென்றால் பாண்டிங் (பல இன்டர்ஃபேஸ்களை ஒன்றாகச் சேர்க்கும்) மாட்யூல் ஏற்றப்பட்டிருந்தால் அங்கே 'பாண்டிங்_மாஸ்டர்ஸ்' என்ற சாதாரண ஃபைல் ஒன்று உட்கார்ந்திருக்கும்.

உள்ளே 'டிவைஸ்' என்ற இணைப்பு இருந்தால் அது உண்மையான வன்பொருள் (விர்ச்சுவல் மெஷினின் விர்டியோ கார்டும் இதில் சேரும்). டாக்கர்0, லோ, டன்0 இவற்றுக்கு அது இருக்காது. 'வயர்லெஸ்' அல்லது 'ஃபை80211' இருந்தால் வைஃபை. பெயரின் முதலெழுத்தைப் பார்த்து ஊகிப்பதைவிட இது நம்பகம்.

கேபிள் செருகியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள?

அதே டைரக்டரியில் 'கேரியர்' ஃபைலைப் படியுங்கள்: 1 என்றால் மறுமுனையில் உயிர் இருக்கிறது, 0 என்றால் இல்லை. இன்டர்ஃபேஸையே அணைத்து வைத்திருந்தால் படிப்பதே 'இன்வாலிட் ஆர்க்யுமென்ட்' என்று தோற்கும். ஸ்கிரிப்டில் பிழையை /டெவ்/நல்-க்குத் தள்ளி, தோல்வியை 0 ஆகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

'ஆப்பர்ஸ்டேட்' ஃபைலில் அப், டவுன், டார்மன்ட், அன்னோன் போன்ற சொற்கள் வரும். இங்கே தவறு செய்வது எளிது. லோவும், பெரும்பாலான விபிஎன் இன்டர்ஃபேஸ்களும், பிபிபியும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே 'அன்னோன்' என்றுதான் சொல்லும். 'அப்' அல்லாத எதையும் பழுது என்று எச்சரிக்கை அனுப்பும் ஸ்கிரிப்ட், விபிஎன் போட்ட எல்லா லேப்டாப்பிலிருந்தும் இரவு முழுக்க மெயில் அனுப்பும். 'டவுன்' என்று வந்தால் மட்டும் கவலைப்படுங்கள். அதிலும் கன்டெய்னர் ஒன்றும் ஓடாத டாக்கர்0 'டவுன்' என்றே இருக்கும், அது பழுதல்ல.

கேரியர் 1 என்பதற்கு இன்டர்நெட் இருக்கிறது என்று பொருள் கிடையாது. கரண்ட் போகும்போது பாருங்கள்: ரேக்கிலுள்ள ஸ்விட்ச் யூபிஎஸ்ஸில் ஓடும், ஃபைபர் பெட்டி யூபிஎஸ்ஸில் இல்லாததால் அணைந்துவிடும். சர்வர் பார்ப்பது ஸ்விட்சை மட்டுமே. அதற்குக் கேரியர் 1. அடுத்த படியாகக் கேட்வேக்கு (வெளியே போகும் வாசலான ரவுட்டர்) ஒரு பிங், அதற்கும் அடுத்து வெளி முகவரிக்கு ஒரு பிங் (-சி 1, பெரிய எழுத்து -டபிள்யூ 1 கொடுத்து ஒரு நொடியில் முடியுங்கள்) என்று மூன்று அடுக்காகச் சோதித்தால்தான் எங்கே அறுந்தது என்று தெரியும். கேபிள் தொட்டும் தொடாமலும் இருக்கிறதா என்ற சந்தேகத்துக்கு 'கேரியர்_சேஞ்சஸ்' ஃபைல் நல்லது: இணைப்பு விழுந்ததும் எழுந்ததும் இரண்டையும் எண்ணிக்கொண்டே வரும்.

ஸ்பீட் 1000 வரவேண்டிய இடத்தில் 100 வருகிறது. ஸ்கிரிப்டில் கோளாறா?

அநேகமாகக் கேபிளில். கிகாபிட் ஈதர்நெட்டுக்கு நான்கு ஜோடி கம்பியும் வேண்டும். 100-க்கு இரண்டு ஜோடி போதும். ஒரு ஜோடி சரியாக கிரிம்ப் ஆகாமல் இருந்தாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். 'ஸ்பீட்' ஃபைல் மெகாபிட் கணக்கில் சொல்லும். இணைப்பு இல்லாதபோது -1 வரலாம், வைஃபையில் படிக்கவே முடியாது. எண்ணை ஒப்பிடுவதற்கு முன் அது எண்தானா என்று பாருங்கள். பக்கத்திலேயே 'டூப்ளெக்ஸ்' ஃபைல் இருக்கிறது. அதில் 'ஹாஃப்' என்று வந்தால் கேபிளையும் ஸ்விட்ச் போர்ட் அமைப்பையும் உடனே பாருங்கள்.

விபிஎன் போட்டபின் டிஃபால்ட் ரூட் மாறவே இல்லை என்கிறது ஸ்கிரிப்ட். ஆனால் டிராஃபிக் விபிஎன்னில்தான் போகிறது. எப்படி?

'ஐபி ரூட் ஷோ டிஃபால்ட்' ஒரு பட்டியலைக் காட்டுகிறது, முடிவைக் காட்டுவதில்லை. ஓபன்விபிஎன் வழக்கமாகப் பழைய டிஃபால்ட்டைத் தொடாமல், 0.0.0.0/1, 128.0.0.0/1 என்ற இரண்டு வழிகளைச் சேர்க்கும். இரண்டும் சேர்ந்தால் முழு உலகம். டிஃபால்ட்டைவிடக் குறிப்பானவை என்பதால் கெர்னல் இவற்றையே எடுக்கும். வயர்கார்டின் டபிள்யூஜி-குவிக் வேறு மாதிரி: 51820 எண்ணுள்ள தனி டேபிளில் (வழிப் பட்டியல்) டிஃபால்ட்டை வைத்து, ரூல் மூலம் டிராஃபிக்கை அங்கே திருப்பும். மெயின் டேபிளில் ஒன்றுமே மாறியிருக்காது. ரூட் கெட் இந்த ரூல்களையும் சேர்த்துப் பார்த்துப் பதில் சொல்லும். 'எந்த வழி?' என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் பட்டியலைப் படித்து நீங்களே கணக்குப் போடாதீர்கள்.

கேபிளும் வைஃபையும் இரண்டும் டிஃபால்ட் காட்டுகின்றன. எது வெல்லும்?

மெட்ரிக் எண் குறைவானது. நெட்வொர்க்மேனேஜர் கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600 கொடுக்கும். திடீரென்று 20600 என்று கண்டால், அந்த இணைப்பில் இன்டர்நெட் இல்லை என்று அது கண்டுபிடித்து 20000 சேர்த்திருக்கிறது என்று பொருள். இந்த எண்ணே ஒரு நல்ல எச்சரிக்கை. இரண்டு பிராட்பேண்ட் வைத்திருக்கும் ஆபீஸில் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்க, பிங்குக்குப் பெரிய எழுத்து -ஐ கொடுத்து இன்டர்ஃபேஸ் பெயரைச் சொல்லுங்கள். அந்த இன்டர்ஃபேஸ் வழியாக ஒரு ரூட், மெட்ரிக் அதிகமாக இருந்தாலும், இருந்தால்தான் இது செல்லும்.

பப்ளிக் ஐபியை இன்டர்ஃபேஸிலிருந்து எடுக்க முடியுமா?

ரவுட்டருக்குப் பின்னால் இருந்தால் முடியாது. வெளியே ஒரு சர்வரைக் கேட்டே ஆகவேண்டும். ரவுட்டரிலேயே ஸ்கிரிப்ட் ஓடினாலும், வான் (இணைய நிறுவனத்தின்) பக்க முகவரி 100.64.0.0 முதல் 100.127.255.255-க்குள் இருந்தால் அது பப்ளிக் அல்ல. இணைய நிறுவனங்கள் ஒரே பப்ளிக் முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிடும்போது உள்ளே பயன்படுத்த 2012-இல் ஒதுக்கப்பட்ட தொகுதி அது. பிஜி அறையிலிருந்து வீட்டு சர்வருக்கு போர்ட் திறந்துவிட்டு 'வரவில்லையே' என்று தேடுமுன் இந்த எண்ணைப் பாருங்கள்.

ஐபிவி6-இல் ஒரே இன்டர்ஃபேஸில் நான்கைந்து முகவரிகள். எதை எடுப்பது?

எஃப்ஈ80-இல் தொடங்குவது அந்த லேனுக்குள் மட்டும். ஸ்கோப் குளோபல் கொடுத்தால் அது விலகும். மீதியில் 'டெம்பரரி' என்று குறித்தவை தனியுரிமைக்காக மாறுபவை. கெர்னலின் இயல்பு அமைப்பில் ஒரு நாள் முதன்மையாக இருந்து, ஏழு நாளில் மறையும். டிஎன்எஸ்ஸில் எழுதவோ ஃபயர்வாலில் அனுமதிக்கவோ இவை உதவாது. 'டென்டேடிவ்' என்றால் இன்னும் சோதனையில் இருக்கிறது. ஓரிரு நொடி பொறுங்கள். வெளியே போகும் முகவரி எது என்றால் பழைய வழிதான்:

ஐபி -6 ரூட் கெட் 2001:4860:4860::8888

கையால் ஓட்டினால் சரி, கிரானில் அல்லது பூட்டில் தோற்கிறது. ஏன்?

கிரானுக்கு (குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டை ஓட்டும் சேவை) பாத், அதாவது கட்டளைகளைத் தேடும் டைரக்டரிப் பட்டியல், சிறியது: டெபியனில் /யூஎஸ்ஆர்/பின், /பின் மட்டும். ரெட்ஹேட் வகையில் ஐபி கட்டளை /யூஎஸ்ஆர்/எஸ்பின்னில் இருக்கிறது. ஸ்கிரிப்டின் முதல் வரிகளில் பாத்தை (எல்லாம் பெரிய எழுத்து) நீங்களே அமைத்துவிடுங்கள்.

பூட்டில் வேறு கதை. சிஸ்டம்டியின் யூனிட் ஃபைலில் (சேவையை எப்போது, எப்படித் தொடங்குவது என்று சொல்வது) 'நெட்வொர்க்.டார்கெட்'டுக்குப் பிறகு என்று எழுதினால் முகவரி வந்திருக்கும் என்று அர்த்தமில்லை. 'நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்' வேண்டும், ஆஃப்டர், வான்ட்ஸ் இரண்டிலும் எழுத வேண்டும் (இரண்டுக்கும் முதலெழுத்து பெரியது). ஆஃப்டர் மட்டும் எழுதினால் வரிசைதான் கிடைக்கும், அந்த டார்கெட்டை யாரும் தொடங்கிவைக்க மாட்டார்கள். ஸ்லீப் 30 போட்டுச் சமாளிப்பது இங்கே அடிக்கடி பார்க்கும் வைத்தியம். ஃபைபர் பெட்டி மெதுவாக எழும் நாளில் அது பலிக்காது.

முகவரி மாறும்போதெல்லாம் ஏதாவது செய்யவேண்டுமானால், நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பதை விடுத்து /ஈடிசி/நெட்வொர்க்மேனேஜர்/டிஸ்பேட்சர்.டி டைரக்டரியில் ஸ்கிரிப்டை வையுங்கள். முதல் ஆர்க்யுமென்ட் இன்டர்ஃபேஸ், இரண்டாவது நிகழ்வு. உரிமையாளர் ரூட் ஆக இருக்கவேண்டும், மற்றவர்களுக்கு எழுதும் உரிமை இருக்கக்கூடாது, இல்லாவிட்டால் ஓட்டாது. டைரக்டரிப் பெயரில் என், எம் இரண்டும் பெரிய எழுத்து.

எவ்வளவு டேட்டா போனது என்று எண்ண?

'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' டைரக்டரிக்குள் 'ஆர்எக்ஸ்_பைட்ஸ்', 'டிஎக்ஸ்_பைட்ஸ்'. இரண்டு முறை படித்துக் கழித்து, இடைவெளி நொடியால் வகுத்தால் வேகம். ரீபூட்டிலும், யூஎஸ்பி அடாப்டரைக் கழற்றிச் செருகினாலும் 0-க்குத் திரும்பும். கழித்தால் மைனஸ் வந்தால் அந்த அளவை விட்டுவிடுங்கள். /பிராக்/நெட்/டெவ் ஃபைலைப் பிரிப்பதைத் தவிருங்கள். பழைய கெர்னல்களில் எண் பெரிதானதும் முக்காற்புள்ளியோடு ஒட்டிக்கொள்ளும்; முதல் வாரம் ஓடிய ஸ்கிரிப்ட் இரண்டாம் வாரம் உளறும்.

எஸ்எஸ்ஹெச் நுழைகிறது, பெரிய ஃபைல் மட்டும் உறைகிறது. இன்டர்ஃபேஸில் எதைப் பார்ப்பது?

'எம்டியூ' (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பைட்டில்) ஃபைலை. பிபிபிஓஈ (பிராட்பேண்டில் பயன்படும் ஒரு முறை) இணைப்பில் 1500 அல்ல, 1492. உண்மையில் எவ்வளவு செல்கிறது என்று அறிய பிங்கில் பெரிய எழுத்து -எம் 'டூ', -எஸ் 1464 கொடுங்கள் (1492-இலிருந்து தலைப்புகளுக்கான 28 போக). அது போகாவிட்டால் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

என் லேப்டாப் தமிழ் மொழி அமைப்பில் இருக்கிறது. அதனால் ஸ்கிரிப்ட் கெடுமா?

கெடலாம். நெட்வொர்க்மேனேஜரின் கட்டளையான என்எம்சிஎல்ஐ தன் வெளியீட்டை மொழிக்கேற்ப மாற்றுகிறது. ஆங்கிலச் சொல்லைத் தேடும் கிரெப் வெறுங்கையோடு திரும்பும். ஸ்கிரிப்டின் தலையில் எல்சி_ஆல்=சி என்று ஏற்றுமதி செய்யுங்கள் (எல்லாம் பெரிய எழுத்து). என்எம்சிஎல்ஐயைச் சுருக்க வடிவில் கேட்டால் மேக் முகவரியின் முக்காற்புள்ளிகளுக்கு முன்னால் பின்சாய்கோடு வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வைஃபை சிக்னல்?

ஐடபிள்யூ டெவ், இன்டர்ஃபேஸ் பெயர், லிங்க். 'சிக்னல்' வரியில் டிபிஎம் அளவு: -50 அருமை, -80 தத்தளிப்பு. ஆனால் இந்தக் கருவியின் உதவிப் பக்கமே, வெளியீடு நிலையானதல்ல, ஸ்கிரிப்டில் பிரிக்காதீர்கள் என்கிறது. ஒருமுறை பார்க்கப் பயன்படுத்துங்கள். மாதக்கணக்கில் ஓடும் கண்காணிப்பை இதன்மேல் கட்டாதீர்கள்.

மேக்புக்கில்?

ஐபி கட்டளையும் கிடையாது, /சிஸ்ஸும் கிடையாது. 'ரூட் -என் கெட் டிஃபால்ட்' வெளியீட்டில் 'இன்டர்ஃபேஸ்' வரியை எடுத்து, அந்தப் பெயரை 'ஐபிகான்ஃபிக் கெட்ஐஎஃப்ஆடர்' கட்டளைக்குக் கொடுங்கள். முகவரி மட்டும் தனியாக வரும், வெட்ட வேண்டியதில்லை.